இரண்டு வலைப்பின்னல்களை ஒப்பிடுவது எப்படி: ஆர் நிறுவுவதிலிருந்து முடிவைப் படிப்பது வரை

15-ஆம் நூற்றாண்டு ஃப்ளாரன்ஸ் நகரத்துச் செல்வாக்கான குடும்பங்கள் 16. அவற்றுக்கிடையே 20 திருமண உறவுகள், 15 வணிக உறவுகள். இரண்டில் எந்த வலைப்பின்னல் அடர்த்தியானது? 20 பெரியதா 15 பெரியதா என்று கேட்பது போலத்தான் இருக்கிறது. ஆனால் இதே தரவை ‘யார், யாரோடு’ என்று இரண்டு நிரல்களாகத் தட்டி மென்பொருளில் ஏற்றி அடர்த்தியை (சாத்தியமான சோடிகளில் உறவுள்ளவற்றின் விகிதத்தை) கேட்டால், திருமணத்துக்கு 0.190 என்றும் வணிகத்துக்கு 0.273 என்றும் விடை வரும். முடிவு தலைகீழாகிவிட்டது. திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு எச்சரிக்கைகூட வராது.

வணிக உறவே இல்லாத ஐந்து குடும்பங்கள் அந்தப் பட்டியலில் எங்கும் வராததுதான் காரணம். உறவு இல்லாதவருக்குப் பட்டியலில் வரி ஏது? மென்பொருள் 11 குடும்பங்கள் மட்டுமே இருப்பதாக எண்ணி, 15-ஐ 55 சோடிகளால் வகுத்துவிட்டது. சரியான கணக்கு 16 குடும்பங்களுக்கு 120 சோடிகள்: திருமணம் 0.167, வணிகம் 0.125.

வலைப்பின்னல் ஒப்பீட்டில் புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடத்தில்தான். புள்ளியியல் சோதனை ஒரே வரிக் கட்டளை. அதற்கு முன்னால் இரண்டு வலைகளிலும் அதே கணுக்கள் (மேலே பார்த்ததில் குடும்பங்கள்) அதே வரிசையில் இருக்கின்றனவா என்று பார்ப்பதே முக்கால் வேலை. இந்தக் கட்டுரையும் அந்த விகிதத்தில்தான் இருக்கும். பயன்படுத்தப்போவது ஆர், புள்ளியியல் கணக்குகளுக்கான இலவசக் கணினி மொழி.

முதலில் உங்கள் கேள்வி எந்த வகை?

மென்பொருளைத் தேடும் முன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எந்தப் பொதி (ஆர் மொழியோடு சேர்த்துக்கொள்ளும் கட்டளைத் தொகுப்பு) தேவை என்பது இதைப் பொறுத்தது.

ஒரே ஆட்களிடையே இரண்டு விதமான உறவுகளை ஒப்பிடுவது முதல் வகை: நட்பும் ஆலோசனையும், அல்லது ஒரே அலுவலகத்தின் போன வருட வலையும் இந்த வருட வலையும். இதற்கு க்யூஏபி என்னும் வரிசைமாற்றச் சோதனை. வெவ்வேறு ஆட்கள் உள்ள இரண்டு வலைகளை, உதாரணமாக இரண்டு பள்ளிகளின் நட்பு வலைகளை, ஒப்பிடுவது இரண்டாவது வகை. இங்கே கணுவுக்குக் கணு பொருத்தம் கிடையாது. அமைப்பை மட்டுமே ஒப்பிட முடியும். மூன்றாவது வகையில் வலையே நேரடித் தரவு இல்லை: கேள்வித்தாள் விடைகளிலிருந்து மாறிகளுக்கிடையிலான ஒட்டுறவை (அவை எந்த அளவுக்குச் சேர்ந்தே மாறுகின்றன என்பதை) கணித்து வரைந்த வலை. உளவியல் ஆய்வுகளில் இது அதிகம். இதற்குத் தனிப் பொதி உண்டு, கடைசியில் வருகிறது.

ஆர் தவிர வேறு வழிகளும் உள்ளன. பட்டியைச் சொடுக்கியே வேலையை முடிக்க விரும்புபவர்களுக்கு யூசிநெட் என்ற விண்டோஸ் மென்பொருள் நெடுங்காலமாக இருக்கிறது. பைத்தான் மொழியில் நெட்வொர்க்எக்ஸ் என்ற பொதி இருக்கிறது. மூன்று வகைக் கேள்விகளுக்கும் ஒரே இடத்தில், செலவில்லாமல், செய்ததை மறுபடி அப்படியே செய்து காட்டும் வசதியோடு வேண்டுமானால் ஆர்தான் சரியான தேர்வு.

நிறுவுதல்

இங்கே கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். விசைப்பலகையில் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். ஆர் மொழிக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. கீழே வரும் பெயர்கள் எல்லாம் சிறிய எழுத்து, மாறும் இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

1. க்ரான் என்ற ஆர் களஞ்சியத் தளத்திலிருந்து ஆர் மொழியை இறக்குங்கள். விண்டோஸில் ‘பேஸ்’ என்ற இணைப்பு. நிறுவும்போது கேட்கும் எல்லாவற்றுக்கும் முன்னிருப்பையே ஏற்றுக்கொள்ளலாம். மேக் கணினியில் இரண்டு கோப்புகள் இருக்கும். ஆப்பிளின் எம் வரிசைச் சில்லு என்றால் ‘ஆர்ம்64’, பழைய இன்டெல் சில்லு என்றால் ‘எக்ஸ்86_64’. எந்தச் சில்லு என்று தெரியாவிட்டால் ஆப்பிள் பட்டியில் ‘இந்த மேக் பற்றி’ என்ற இடத்தில் பாருங்கள். உபுண்டுவில் ‘ஆர்-பேஸ்’ உடன் ‘ஆர்-பேஸ்-டெவ்’ என்பதையும் சேர்த்து நிறுவுங்கள். பொதிகளை மூலநிரலிலிருந்து கட்ட அது வேண்டும்.

2. அதன் பிறகு ஆர்ஸ்டூடியோ டெஸ்க்டாப். இது எழுதுமேசை மட்டுமே. ஆர் இதற்குள் அடங்கியில்லை. ஆர் இல்லாமல் இதை மட்டும் நிறுவினால் திறந்தவுடன் ‘ஆர் எங்கே’ என்று கேட்டு நின்றுவிடும்.

3. ஆர்ஸ்டூடியோவைத் திறந்து, கீழ் இடப்பக்க முனையத்தில் (‘கன்சோல்’ என்ற தாவலில்) ‘இன்ஸ்டால்.பேக்கேஜஸ்’ கட்டளையால் நான்கு பொதிகளை நிறுவுங்கள்: நெட்வொர்க், எஸ்என்ஏ, ஈஆர்ஜிஎம், ஐகிராஃப். பொதியின் பெயர் மேற்கோள் குறிக்குள் இருக்க வேண்டும். தனிப்பட்ட நூலக அடைவு உருவாக்கவா என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள்.

4. ஒவ்வொரு முறை ஆர் திறக்கும்போதும் ‘லைப்ரரி’ கட்டளையால் பொதியை அழைக்க வேண்டும். நிறுவுவது ஒரு முறை, அழைப்பது ஒவ்வொரு முறையும்.

இந்த நான்கில் எங்கே சிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். வேர்டு ஆவணத்திலிருந்து கட்டளையை நகலெடுத்து ஒட்டினால் மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறியிருக்கும். ஆர் அவற்றை ஏற்காமல் ‘எதிர்பாராத உள்ளீடு’ என்று சொல்லும். கையால் தட்டினால் தீர்ந்தது. ‘இந்தப் பெயரில் பொதி இல்லை’ என்று வந்தால் நிறுவவில்லை அல்லது எழுத்துப்பிழை. ‘சார்பைக் காணவில்லை’ என்று வந்தால் நிறுவியாயிற்று, அழைக்கவில்லை. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு பொதியைத் திரும்பத் திரும்ப நிறுவுபவர்கள் ஏராளம். ‘வேறு ஆர் பதிப்பில் கட்டப்பட்டது’ என்பது வெறும் எச்சரிக்கை. பெரும்பாலும் கண்டுகொள்ள வேண்டாம்.

மூலநிரலிலிருந்து கட்டவா என்று விண்டோஸில் கேட்டால் வேண்டாம் என்று பதில் சொல்லுங்கள். ஆயத்தப் பதிப்பு வரும். ஆம் என்று சொல்லிவிட்டால் ஆர்டூல்ஸ் என்ற கட்டும் கருவித்தொகுப்பு தேவைப்படும். அதுவும் உங்கள் ஆர் பதிப்புக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும்: ஆர் 4.3-க்கு ஆர்டூல்ஸ்43, ஆர் 4.4-க்கு ஆர்டூல்ஸ்44. நிறுவல் பாதியில் நின்று, அடுத்த முறை ‘00லாக்’ என்று தொடங்கும் அடைவைக் காட்டிப் புலம்பினால், ஆர்ஸ்டூடியோவின் எல்லாச் சாளரங்களையும் மூடி, நூலக அடைவில் அந்த ஒரு அடைவை மட்டும் அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். உபுண்டுவில் ஐகிராஃப் கட்டி முடியப் பல நிமிடங்கள் ஆகும். எழுத்துகள் ஓடிக்கொண்டிருக்கும் வரை கவலை வேண்டாம்.

இன்னொரு சங்கடம் உண்டு. எஸ்என்ஏ, ஐகிராஃப் இரண்டிலும் ‘டிகிரி’, ‘பிட்வீன்னஸ்’ போன்ற ஒரே பெயருள்ள சார்புகள் இருக்கின்றன. இரண்டையும் அழைத்தால் பின்னால் வந்தது முன்னால் வந்ததை மறைத்துவிடும். அழைக்கும்போது ‘மறைக்கப்பட்டவை’ என்று ஒரு பட்டியல் ஓடுமே, அது இதைத்தான் சொல்கிறது. இரண்டும் தேவையென்றால் பொதிப்பெயர், அடுத்தடுத்து இரண்டு முக்காற்புள்ளிகள், சார்புப்பெயர் என்று முழுப்பெயராக எழுதுங்கள். ஒப்பீட்டு வேலைக்கு எஸ்என்ஏ மட்டுமே போதும் என்றால் ஐகிராஃபை அழைக்காமலே இருப்பது நல்லது.

தரவைச் சீர்செய்தல்

இரண்டு கோப்புகள் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று அல்ல. கணுக்களின் பட்டியல் தனிக் கோப்பு: உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆய்வுக்கு உட்பட்ட எல்லாரும் அதில் இருக்க வேண்டும். இணைப்புகள் இன்னொரு கோப்பு. முதலில் கணுப் பட்டியலை வைத்து, வரிசைக்கும் நிரலுக்கும் அந்தப் பெயர்களைச் சூட்டி, எல்லா இடத்திலும் 0 உள்ள சதுர அணியை ‘மேட்ரிக்ஸ்’ கட்டளையால் உருவாக்குங்கள். பிறகு இணைப்புக் கோப்பின் இரண்டு நிரல்களையும் ‘சிபைண்ட்’ கட்டளையால் ஒட்டி, அந்தப் பெயர்ச் சோடிகளின் இடங்களில் 1 போடுங்கள். திசையற்ற உறவானால் (திருமணம் போல இரு பக்கமும் ஒன்றேயானால்) நிரல்களை மாற்றி ஒட்டி இன்னொரு முறை 1 போட வேண்டும்.

இது சுற்றுவழியாகத் தெரியலாம். ஆனால் இணைப்புக் கோப்பில் ஒரு பெயர் தவறாக இருந்தால் ‘எல்லைக்கு வெளியே’ என்ற பிழையோடு ஆர் அங்கேயே நின்றுவிடும். நேராகப் பட்டியலைக் கொடுத்திருந்தால் அந்தத் தவறான பெயரைப் புதிய ஆளாகக் கருதிச் சேர்த்துக்கொண்டு போயிருக்கும். இங்கே பிழைச் செய்தி வந்தால் மகிழ்ச்சி அடைய வேண்டும்.

பெயர்களைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு பெயர்கள் கணினிக்கு வேறாக இருக்கலாம். ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே ஒருங்குறி எழுத்தாகச் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பும் காலும் எனத் தனித்தனியாகவும் சேமிக்கலாம். விசைப்பலகையைப் பொறுத்து இது மாறும். ஸ்ட்ரிங்கை என்ற பொதியின் ‘ஸ்ட்ரி_ட்ரான்ஸ்_என்எஃப்சி’ சார்பு இவற்றை ஒன்றாக்கிவிடும். ஆனால் ‘கௌரி’ என்பதை ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ‘ள’ எழுத்தும் போட்டு ‘கெளரி’ என்று தட்டியிருந்தால் எந்தச் சார்பும் காப்பாற்றாது. அவை உண்மையிலேயே வேறு எழுத்துகள். பெயருக்குப் பின்னால் ஒட்டிய வெற்றிடமும் இதே கதைதான். அதை ‘ட்ரிம்டபிள்யூஎஸ்’ நீக்கும். எல்லாவற்றையும்விட எளிய வழி, ஒவ்வொரு கணுவுக்கும் 101, 102 என எண் குறியீடு தந்து, பெயரைக் கணுக் கோப்பில் மட்டும் வைத்துக்கொள்வது. அந்த எண்களையும் எழுத்துச் சரமாக மாற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் 101-ஆவது வரிசை என்று ஆர் புரிந்துகொள்ளும்.

எக்செல்லில் இருந்து சேமிக்கும்போது ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ வகையைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண சிஎஸ்வி தமிழைக் கேள்விக்குறிகளாக்கிவிடும். இந்த வகையில் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொள்வதால், முதல் நிரலின் தலைப்பு விசித்திரமாக வரக்கூடும். வாசிக்கும்போது ‘ஃபைல்என்கோடிங்’ (‘என்கோடிங்’கின் முதலெழுத்து மட்டும் பெரியது) மதிப்பாக ‘யுடிஎஃப்-8-பிஓஎம்’ (எல்லாம் பெரிய எழுத்து) கொடுத்தால் சரியாகும். விண்டோஸில் ஆர் 4.2-க்கு முந்தைய பதிப்பு வைத்திருந்தால் தமிழோடு மல்லுக்கட்டாமல் புதியதற்கு மாறிவிடுங்கள். அந்தப் பதிப்பிலிருந்துதான் விண்டோஸ் ஆர் யுடிஎஃப்-8-ஐ இயல்பாகக் கையாள்கிறது.

ஏற்கெனவே சதுர அட்டவணையாகவே தரவு இருந்தால் ‘ரீட்.சிஎஸ்வி’ கட்டளையில் ‘ரோ.நேம்ஸ்’ 1 என்றும் ‘செக்.நேம்ஸ்’ ‘ஃபால்ஸ்’ (எல்லாம் பெரிய எழுத்து) என்றும் கொடுங்கள். இரண்டாவதை மறந்தால் நிரல் பெயர்களில் உள்ள வெற்றிடங்கள் புள்ளிகளாக மாறி, வரிசைப் பெயரும் நிரல் பெயரும் பொருந்தாமல் போகும்.

வெற்றுக் கட்டம் 0 அல்ல. ஒருவர் கேள்வித்தாளுக்கு விடையே தராமல் இருந்தால் அவர் வரிசை முழுவதும் விடுபட்ட மதிப்பாக, அதாவது ‘என்ஏ’ (பெரிய எழுத்து) என்று இருக்க வேண்டும். 0 போட்டால் ‘எனக்கு ஒருவருமே நண்பரில்லை’ என்று அவர் சொன்னதாக ஆகிவிடும். இரண்டு கணக்கெடுப்புகளை ஒப்பிடும்போது, இரண்டாவதில் விடை தராதவர்கள் கூடியிருந்தால் இந்த ஒரு பிழையே ‘உறவுகள் குறைந்துவிட்டன’ என்ற முடிவை உற்பத்தி செய்துவிடும்.

திசையுள்ள வலைகளில் வரிசையிலிருந்து நிரலுக்குப் போவதே வழக்கம். ஒரு கோப்பு ‘யாரிடம் ஆலோசனை கேட்டீர்கள்’ என்றும் இன்னொன்று ‘யாருக்கு ஆலோசனை தந்தீர்கள்’ என்றும் இருந்தால், ஒப்பிடும் முன் ஒன்றை ‘டி’ என்ற ஓரெழுத்துக் கட்டளையால் நிரை-நிரல் மாற்ற வேண்டும்.

பழகிப் பார்க்க ஒரு தரவு

உங்கள் தரவைத் தொடும் முன், விடை தெரிந்த தரவில் ஒரு முறை முழுவதும் ஓட்டிப் பாருங்கள். மேலே சொன்ன ஃப்ளாரன்ஸ் குடும்பங்கள் ஈஆர்ஜிஎம் பொதியோடே வருகின்றன. இத்துறையின் பாடநூல்கள் எல்லாம் தேய்த்துத் தேய்த்துப் பயன்படுத்திய தரவு இது. சிறியதாக இருப்பதால் கையாலும் சரிபார்க்கலாம்.

ஈஆர்ஜிஎம், எஸ்என்ஏ இரண்டையும் அழைத்து, ‘டேட்டா’ கட்டளையில் ‘ஃப்ளோரன்டைன்’ என்று கொடுங்கள். ‘ஃப்ளோமேரேஜ்’, ‘ஃப்ளோபிசினஸ்’ என இரண்டு பொருள்கள் வரும். ‘ஆஸ்.மேட்ரிக்ஸ்’ கட்டளையால் அவற்றை அணிகளாக மாற்றி, முதலாவதற்கு எம் என்றும் இரண்டாவதற்கு பி என்றும் பெயர் வையுங்கள். பிறகு இந்தச் சோதனைகள்:

– ‘டிம்’ இரண்டுக்கும் 16, 16 என்று வர வேண்டும்.
– இரண்டின் வரிசைப் பெயர்களை ‘ஐடென்டிகல்’ கட்டளையால் ஒப்பிட்டால் ‘ட்ரூ’ வர வேண்டும். உங்கள் சொந்தத் தரவில் ‘ஃபால்ஸ்’ வந்தால், பி அணியை எம் அணியின் வரிசைப் பெயர்களைக் கொண்டு இரண்டு பக்கமும் மறுவரிசைப்படுத்துங்கள்.
– கூட்டுத்தொகையின் பாதி: எம் 20, பி 15.
– எம், பி இரண்டையும் கட்டத்துக்குக் கட்டம் பெருக்கி, கூட்டுத்தொகையின் பாதி: 8.

இந்த 8-தான் ஒப்பீட்டின் கரு. திருமண உறவும் வணிக உறவும் சேர்ந்திருக்கும் சோடிகள் எட்டு. திருமணம் மட்டும் உள்ளவை 12, வணிகம் மட்டும் உள்ளவை 7. ஆகவே ஹேமிங் தொலைவு (ஏதாவது ஒரு வலையில் மட்டும் உள்ள சோடிகளின் எண்ணிக்கை) 19. ஜக்கார்டு எண் (ஏதாவதொரு உறவுள்ள சோடிகளில் இரண்டும் உள்ளவற்றின் பங்கு) 8-ஐ 27-ஆல் வகுத்தால் 0.296. இரண்டையும் கையாலேயே போட்டுவிடலாம்.

எஸ்என்ஏ பொதியின் ‘எச்டிஸ்ட்’ சார்பு ஹேமிங் தொலைவை 38 என்று காட்டினால் பதற வேண்டாம். இந்தப் பொதியில் பல சார்புகள் நீங்கள் சொல்லாத வரை வலையைத் திசையுள்ளதாகவே எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பையும் இரு முறை எண்ணும். ‘மோட்’ என்பதற்கு ‘கிராஃப்’ என்று மதிப்பு கொடுத்தால் 19 வரும். ‘டிகிரி’ சார்பும் இப்படித்தான், ஆனால் அதில் கொடுக்க வேண்டிய பெயர் ‘ஜிமோட்’. மெடிச்சி குடும்பத்தின் திருமண உறவுகள் 6. 12 என்று வந்தால் இதை மறந்திருக்கிறீர்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. பைத்தானின் நெட்வொர்க்எக்ஸிலும் இந்தத் திருமண வலை கூடவே வருகிறது, ஆனால் 15 கணுக்களோடு. யாரோடும் மணவுறவு இல்லாத புச்சி குடும்பம் அதில் இல்லை, ஏனென்றால் அது இணைப்புப் பட்டியலிலிருந்து கட்டப்பட்டது. தொடக்கத்தில் பார்த்த 0.190 அங்கேயும் வரும்.

க்யூஏபி சோதனை

எட்டு சோடிகள் பொருந்துவது அதிகமா, குறைவா? இரண்டு உறவுகளுக்கும் சம்பந்தமே இல்லையென்றால் எதிர்பார்க்கும் பொருத்தம் 20 பெருக்கல் 15 வகுத்தல் 120, அதாவது 2.5. எட்டு அதைவிட மிக அதிகம்தான். இரண்டு அணிகளுக்கிடையிலான ஒட்டுறவை ‘ஜிகோர்’ சார்பில் கேட்டால் 0.372 வரும்.

இதன் நம்பகத்தை வழக்கமான ஒட்டுறவுச் சோதனையால் பார்க்கக் கூடாது. அந்தச் சோதனை 120 சோடிகளும் ஒன்றையொன்று சாராதவை என்று கொள்கிறது. ஆனால் மெடிச்சி என்ற ஒரே குடும்பம் 15 சோடிகளில் வருகிறது. அதன் செல்வாக்கு 15 இடங்களிலும் தெரியும். க்யூஏபி இதை வேறு வழியில் தீர்க்கிறது. ஒரு அணியை அப்படியே வைத்துக்கொண்டு, இன்னொன்றின் பெயர்ச்சீட்டுகளை மட்டும் குலுக்குகிறது. வரிசையும் நிரலும் சேர்ந்தே மாறுவதால் வலையின் வடிவம் குலையாது. ஆறு உறவு உள்ள கணு ஆறு உறவோடுதான் இருக்கும், ஆனால் அது இப்போது மெடிச்சி அல்ல, வேறு யாரோ. ஒவ்வொரு குலுக்கலிலும் ஒட்டுறவைக் கணித்து, உண்மையான 0.372 அந்தக் கூட்டத்தில் எங்கே நிற்கிறது என்று பார்க்கிறது. நாதன் மேன்டல் 1967-இல் நோய்ப்பரவல் ஆய்வுக்குச் சொன்ன முறையின் உறவுக்காரன் இது. சமூக வலைப்பின்னல் ஆய்வில் இதைப் பரப்பியவர்களில் டேவிட் கிராக்கார்ட் முக்கியமானவர்.

செய்முறை: முதலில் ‘செட்.சீட்’ கட்டளையில் ஏதாவதொரு எண் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் சற்று வேறு விடை வரும். அடுத்து ‘க்யூஏபிடெஸ்ட்’ சார்பில் எம், பி இரண்டையும் ‘லிஸ்ட்’ ஆகச் சேர்த்துக் கொடுத்து, ‘ஜிகோர்’ என்ற சார்பின் பெயர், ‘ஜி1’ மதிப்பு 1, ‘ஜி2’ மதிப்பு 2, ‘ரெப்ஸ்’ 5000 என்று தட்டுங்கள். ஜி1, ஜி2 இரண்டும் பட்டியலில் எதை எதோடு ஒப்பிடுவது என்று சொல்பவை; விட்டுவிடக் கூடாது. இவ்வளவு சிறிய வலைக்குச் சில விநாடிகளில் முடியும்.

விடையில் இரண்டு விகிதங்கள் இருக்கும். குலுக்கல் மதிப்பு உண்மை மதிப்புக்குச் சமமாக அல்லது மேலாக வந்த விகிதம் ஒன்று. சமமாக அல்லது கீழாக வந்த விகிதம் மற்றொன்று. ‘இரண்டும் சேர்ந்தே போகின்றன’ என்பது உங்கள் கருதுகோள் என்றால் முதலாவதைப் படியுங்கள். இந்தத் தரவில் அது 0.01-க்குக் கீழே இருக்கும். இரண்டாவதைப் படித்துவிட்டு ‘0.99 வருகிறது, தொடர்பே இல்லை’ என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. இரண்டு விகிதங்களும் சேர்ந்து சரியாக 1 வராதது ஏன் என்றும் சிலர் கேட்பார்கள். சமமாக வந்தவை இரண்டு பக்கமும் எண்ணப்படுகின்றன, அவ்வளவுதான்.

0 என்று காட்டினாலும் அறிக்கையில் 0 என்று எழுதாதீர்கள். 1000 குலுக்கல்களில் ஒன்றுகூட எட்டவில்லை என்றால், உண்மை அமைப்பையும் ஒன்றாகச் சேர்த்து 1001-இல் ஒன்று, அதாவது சுமார் 0.001 என்று எழுதுவதே முறை. மறுபக்கம், வலை மிகச் சிறியதானால் எத்தனை முறை குலுக்கியும் பயனில்லை. நான்கு கணுக்களுக்குச் சாத்தியமான வரிசைமாற்றங்களே 24, 0.04-க்குக் கீழே போகவே முடியாது.

க்யூஏபி சொல்வது ‘இரண்டு வலைகளும் இணைந்து போகின்றனவா’ என்பதை மட்டுமே. அடர்த்தியில் வேறுபாடு உண்டா என்று இது சொல்லாது. பெயரைக் குலுக்கினால் அடர்த்தி மாறாதே! ஒட்டுறவுக்குப் பதில் அடர்த்தி வேறுபாட்டை வைத்து இந்தச் சோதனையை ஓட்டினால் எல்லாக் குலுக்கலிலும் ஒரே எண் வரும், விகிதம் இரண்டும் 1 என்று நிற்கும்.

ஒரு வலையை இரண்டு மூன்று வலைகளால் விளக்க வேண்டுமானால், நட்பை ஒரே துறை என்பதாலும் ஒரே தளம் என்பதாலும் விளக்குவது போல, ‘நெட்எல்எம்’ சார்பு இருக்கிறது. விளக்கப்படும் வலை 0, 1 மட்டும் கொண்டதானால் ‘நெட்லாஜிட்’. விளக்கப்படும் வலை முதலில், விளக்கும் வலைகள் ‘லிஸ்ட்’ ஆகப் பின்னால். முன்னிருப்பாக இருக்கும் குலுக்கல் முறை, விளக்கும் வலைகள் தமக்குள் தொடர்புள்ளவையாக இருக்கும்போதும் தாக்குப்பிடிக்கக் கூடியது. அதை மாற்ற வேண்டாம்.

ஆட்கள் வேறானால்

இரண்டு பள்ளிகள், இரண்டு ஊர்கள் என்று வந்தால் முதலில் கைவிட வேண்டியது அடர்த்தியை நேருக்கு நேர் ஒப்பிடும் பழக்கத்தை. மனிதருக்குச் சமாளிக்க முடிந்த உறவுகளுக்கு எல்லை உண்டு. 20 பேர் உள்ள குழுவில் ஆளுக்கு 4 நண்பர்கள் என்றால் அடர்த்தி 0.21. 200 பேர் உள்ள குழுவில் அதே 4 நண்பர்கள் என்றால் 0.02. பத்து மடங்கு வித்தியாசம், ஆனால் ஒருவருடைய வாழ்க்கையில் எதுவும் மாறவில்லை. சராசரி உறவு எண்ணிக்கையை அருகில் வைத்தே அடர்த்தியைச் சொல்லுங்கள்.

மற்ற அளவுகளுக்கு நல்ல வழி, ஒவ்வொரு வலையையும் அதே அளவுள்ள சமவாய்ப்பு வலைகளோடு ஒப்பிட்டு, அந்த விலகலை ஒப்பிடுவது. ‘நண்பனின் நண்பன் எனக்கும் நண்பன்’ என்ற முக்கோணப் போக்கை எடுத்துக்கொள்வோம். ‘ஜிட்ரான்ஸ்’ சார்பு திருமண வலைக்கு 0.191 என்றும் வணிக வலைக்கு 0.417 என்றும் தரும். கையால் பார்த்தால் திருமணத்தில் 3 முக்கோணங்கள், வணிகத்தில் 5. இணைப்பு குறைவாக இருந்தும் வணிகத்தில் முக்கோணம் அதிகம். இணைப்புகளைச் சமவாய்ப்பாகத் தூவினால் இந்த அளவு ஏறத்தாழ அடர்த்தியை ஒட்டியே நிற்கும்: 0.167, 0.125. திருமணம் எதிர்பார்ப்புக்குச் சற்றே மேலே. வணிகம் மூன்று மடங்குக்கும் மேல்.

இதைச் சோதிக்க ‘சியுஜி.டெஸ்ட்’. அணி, ‘ஜிட்ரான்ஸ்’, ‘மோட்’ மதிப்பு ‘கிராஃப்’, ‘சிமோட்’ மதிப்பு ‘எட்ஜஸ்’ என்று கொடுத்து ஒவ்வொரு வலைக்கும் தனித்தனியாக ஓட்டுங்கள். சிமோட்தான் முக்கியம். ‘சைஸ்’ என்று விட்டால் கணுக்களின் எண்ணிக்கையை மட்டும் நிலைநிறுத்தி, பாதிச் சோடிகள் இணைந்த வலைகளோடு ஒப்பிடும். உண்மை வலைகள் எல்லாமே அதனெதிரில் வித்தியாசமாகத்தான் தெரியும். திசையுள்ள வலைக்கு ‘டயட்.சென்சஸ்’ பொருத்தமானது, ஏனென்றால் பரஸ்பர உறவுகளின் எண்ணிக்கையையும் அது காக்கும்.

கேள்வித்தாளிலிருந்து கணித்த வலைகள்

இதற்கு ‘நெட்வொர்க்கம்பேரிசன்டெஸ்ட்’ என்ற பொதி. மூன்று சொற்களின் முதலெழுத்தும் பெரியது. முக்கியச் சார்பு ‘என்சிடி’, முழுவதும் பெரிய எழுத்து. இதற்கு அணியைக் கொடுக்கக் கூடாது. இரண்டு குழுக்களின் மூலத் தரவைக் கொடுக்க வேண்டும், நிரல்கள் ஒரே வரிசையில். இங்கே குலுக்கப்படுவது கணுக்கள் அல்ல, ஆட்கள். ஆட்களைக் குழு மாற்றிப் போட்டு, ஒவ்வொரு முறையும் இரண்டு வலைகளையும் புதிதாகக் கணித்துப் பார்க்கும். அதனால்தான் நேரம் பிடிக்கிறது. ‘ஐடி’ என்ற குலுக்கல் எண்ணிக்கையைச் சோதனை ஓட்டத்துக்கு 100 வைத்து, எல்லாம் சரியாக ஓடுகிறது என்று தெரிந்தபின் 1000 அல்லது அதற்கு மேல் வையுங்கள்.

விடையில் எம் என்பது எந்த ஒரு இணைப்பிலாவது காணும் மிகப் பெரிய வேறுபாடு. எஸ் என்பது எல்லா இணைப்புகளின் மொத்த வலிமையில் உள்ள வேறுபாடு. இரண்டும் வேறு கேள்விகள். இணைப்புக்கு இணைப்பு சோதிக்கும் வசதியும் உண்டு, ஆனால் 20 மாறிகள் என்றால் 190 இணைப்புகள், 0.05 அளவில் வேறுபாடே இல்லாதபோதும் ஒன்பது பத்து தற்செயலாகத் தேறிவிடும். பன்மைச் சோதனைத் திருத்தத்தைப் போடாமல் இந்தப் பட்டியலை வெளியே காட்டாதீர்கள். ஒரு குழுவில் ஆட்கள் மிகக் குறைவாக இருந்தால் வேறுபாடு இருந்தும் சோதனைக்குத் தெரியாது. ‘வேறுபாடு தெரியவில்லை’ என்று எழுதுங்கள். ‘இரண்டும் ஒன்றே’ என்று எழுதாதீர்கள்.

எழுதி வைக்க வேண்டியவை

கட்டளைகளை முனையத்தில் தட்டிவிட்டுப் போகாமல் ஒரு கட்டளைக் கோப்பில் சேமியுங்கள். கணுக்கள் எத்தனை, அவற்றில் தனித்து நிற்பவை எத்தனை, விடுபட்ட வரிசைகள் எத்தனை, திசை உண்டா, குலுக்கல் எண்ணிக்கை, செட்.சீட் எண் ஆகியவை அறிக்கையில் இருக்க வேண்டும். ‘செஷன்இன்ஃபோ’ (‘இன்ஃபோ’வின் முதலெழுத்து மட்டும் பெரியது) கட்டளை ஆர் பதிப்பையும் பொதிகளின் பதிப்புகளையும் ஒரே பட்டியலாகத் தரும்; அதைக் கோப்பின் கடைசியில் ஒட்டி வையுங்கள். ஆர் 3.6 பதிப்பில் சமவாய்ப்பு எண் எடுக்கும் முறை மாறியதால், அதற்கு முந்தைய ஆர் வைத்திருக்கும் ஒருவர் அதே செட்.சீட் எண்ணைத் தட்டினாலும் வேறு குலுக்கல்களே கிடைக்கும். சோதனை தரும் விகிதத்தின் மூன்றாவது தசம இடத்தில் ஒத்துப்போகாமல் போனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்தப் பட்டியல்தான்.